நந்தினி செட்டு

ஆம்பூர் பைபாஸ் ஓரம், ஷூ கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே இருக்கும் மெடிக்கலில் வந்து "நந்தினி செட்டு" என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காது. போன ஆடி மாதம் வரை கிடைத்தது. அந்த நந்தினி நான்தான். அதை நிறுத்தியவளும் நான்தான். அதனால் இதை நானே சொல்வதுதான் முறை.

நான் டி.பார்ம் படித்து, பதிவு செய்து, ஒன்பது வருஷமாக அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். டாக்டர்களின் கிறுக்கல் எழுத்தைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர்; அது பொய்யில்லை. முதலாளி ரஷீத் அஹமது பாய் கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மருந்து விஷயத்தில் தலையிட மாட்டார். "அது நந்தினி டிபார்ட்மென்ட்" என்று சொல்லிவிட்டு மறுபக்கத்தைத் திருப்புவார்.

செட்டு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தலைவலி, இடுப்புவலி என்று வருகிறவளிடம் முழு ஸ்ட்ரிப்பை நீட்டினால் வாங்க மாட்டாள். ஒரு வேளைக்குக் குடுங்க என்பாள். நாலு ஸ்ட்ரிப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு மடித்துக் கொடுப்போம். கவரின் மேல் எதுவும் எழுதியிருக்காது. கத்தரிக்கும்போதே மாத்திரையின் பெயர் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் போய்விடும். என்ன மாத்திரை என்று வாங்குகிறவள் கேட்க மாட்டாள், கொடுக்கிறவளும் சொல்ல மாட்டாள். கேட்டால்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்போம்.

செட்டு எல்லாக் கடையிலும் உண்டு. ஆனால் என் செட்டுக்குத் தனி மவுசு. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் கம்பெனி கேட்டிலிருந்து பெண்கள் ரோட்டைக் கடந்து வருவார்கள். பக்கத்தில் இன்னொரு மெடிக்கல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். என் கவுண்டரில் முழங்கை வைக்க இடமிருக்காது. கைராசிக்காரி என்றார்கள். அதைக் கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அதுதான் பொய்.

முத்துமாரி அப்படி வந்தவள்தான். முப்பத்திரண்டு வயது, பேரணாம்பட்டு ரோட்டில் வீடு, புருஷன் தமிழ்வேந்தன் தோல் ஷெட்டில் வேலை. ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். அதைத் தைக்கும் லைனில் அவளைவிட வேகமான கை கிடையாது. அவள் மெஷினுக்குப் பின்னாலேயே பசை தடவும் மேஜை. அந்த சொல்யூஷன் வாடை ஏறினால் அவளுக்கு இடது கண்ணுக்குப் பின்னாலிருந்து வலி கிளம்பும். ஒத்தைத் தலைவலி. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, கடைசியில் வாந்தி. எனக்கும் அதே தலைவலி உண்டு என்பதால், அவள் ரோட்டைக் கடக்கிற விதத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதிலேயே நாங்கள் சிநேகமாகிவிட்டோம்.

அவளுக்கு நான் கட்டிக்கொடுத்த செட்டில் மூன்று மாத்திரை இருக்கும். வலிக்கு பாராசிட்டமால் சேர்ந்த டைக்ளோஃபினாக் ஒன்று, வாந்திக்கு ஒன்று, வயிற்றைக் காக்க கேஸ் மாத்திரை ஒன்று. பங்குனியில் வாரத்துக்கு ஒரு செட்டு வாங்கினாள். சித்திரையில் வாரத்துக்கு மூன்று. வைகாசியில் தினமும் வந்து நின்றாள். லைன் லீடர் வேலை ஒன்று காலியாகப் போகிறது, லீவு போடாதவள் பெயரைத்தான் மேலே அனுப்புவார்கள் என்று லைனில் பேச்சு அடிபட்டது. அதனால் வலி வருவதற்கு முன்னாடியே போட்டுக்கொள்கிறேன் என்றாள். கெட்டிக்காரி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கத்தரித்துக் கொடுத்தேன். அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும்போதெல்லாம் என்னையே நான் அறையலாம் போலிருக்கிறது.

நான் ஒன்றுமே சொல்லவில்லை என்றும் இல்லை. ஒரு தடவை, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு முறை காட்டிவிட்டு வா என்றேன். ஆனி மாதம் போயும் வந்தாள். அங்கே நாப்ராக்சென் மாத்திரை இருபது எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வலி ஆரம்பிக்கும்போதே ஒன்று, வயிற்றில் சாப்பாடு இருக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது, வேறு எந்த வலி மாத்திரையும் இதோடு சேரக் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, இப்போது வேறு மாத்திரை ஏதாவது போடுகிறாயா என்று அந்த டாக்டர் கேட்டிருக்கிறார். இல்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அவளுக்கு மாத்திரை என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது, பெயர் இருப்பது, ஸ்ட்ரிப்பில் இருப்பது. செட்டு என்பது செட்டு. டீ குடிக்கிறாயா என்று கேட்காத டாக்டரிடம் டீயைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும், அந்த மாதிரி.

மாத்திரையை அங்கேயே வாங்கிவிட்டதால் எனக்கும் தெரியாமல் போயிற்று. ஆஸ்பத்திரி போனாயா என்று கேட்டேன். போனேன், நரம்புத் தலைவலி என்றார்கள் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு செட்டை நீட்டினேன். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்றைக்குக் கவுண்டரில் கூட்டம் ஜாஸ்தி.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை. பத்து மணி டீ நேரத்தில் முத்துமாரி வந்தாள். வழக்கமாக மணி அடித்த பிறகு எல்லோரோடும் சேர்ந்து வருகிறவள், அன்றைக்குத் தனியாக வந்தாள். ரோட்டைக் கடக்கும்போது நடுவில் நின்றுவிட்டு வந்தாள். ஒரு செட்டு, அதோடு மயக்கத்துக்கு ஏதாவது என்று கேட்டாள். நான் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். ஒன்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போகும். அப்போதுதான் அவள் கவுண்டர் கண்ணாடியில் வைத்திருந்த கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் துளி ரத்தமில்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஆடி வெயிலில் நடந்து வந்தவளின் கை அத்தனை சில்லென்று இருக்கக் கூடாது.

சாப்பிட்டாயா என்று கேட்டேன். நேற்று மாரியம்மனுக்கு ஒரு பொழுது, காலையிலிருந்து டீயோடு சரி. இன்றைக்கு இரண்டு இட்லி தின்றேன், அதுவும் நிற்கவில்லை என்றாள். நேற்றும் செட்டு போட்டாயா என்றேன். போட்டேன், டீயோடு என்றாள். கேஸ் மாத்திரையும் போட்டாயா என்று கேட்டதற்குத் தயங்கினாள். அதை இத்தனை நாளும் மாமியாருக்கு எடுத்து வைத்தாளாம். மாமியாருக்கு வாயுத் தொந்தரவாம், இவளுக்கு அது இல்லையாம்.

வெளிக்குப் போனால் என்ன நிறத்தில் போகிறது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். பாய் காதில் விழாதது போல் பேப்பரை உயர்த்திக்கொண்டார். கறுப்பாகத்தான் போகிறது, கம்பெனி முகாமில் கொடுத்த சத்து மாத்திரை அப்படித்தான் ஆக்கும் என்று நர்ஸே சொன்னார்கள் என்றாள். அது சரிதான். இரும்புச் சத்து மாத்திரை போட்டால் கறுக்கத்தான் செய்யும். அந்த ஸ்ட்ரிப்பைக் காட்டு என்றேன்.

"அது தீந்து ஒரு மாசம் ஆச்சேக்கா," என்றாள்.

மாத்திரை தீர்ந்தால் நாலைந்து நாளில் நிறம் பழையபடி ஆகிவிட வேண்டும். எப்படிக் கறுப்பு என்று கேட்டேன். ரோடு போடும் தார் மாதிரி, தண்ணி ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும், நாற்றம் தாங்க முடியாது, நாலு நாளாக இப்படித்தான் என்றாள். அது மாத்திரைக் கறுப்பு இல்லை. வயிற்றில் புண்ணாகி, ரத்தம் கசிந்து, குடலில் இறங்கி வருகிற கறுப்பு. படிக்கிற காலத்தில் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று ஒருத்தி சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

உட்காரு என்று ஸ்டூலைப் போட்டேன். ஸ்ட்ரிப் இருக்கிறதா பார்க்கிறேன் என்று அவள் கைப்பையைக் கவிழ்த்தாள். சில்லறை, சீப்பு, கம்பெனி அடையாள அட்டை, அவற்றோடு ஒரு நாப்ராக்சென் ஸ்ட்ரிப்பும் விழுந்தது. அதைப் பார்த்ததும் மிச்சக் கதையை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணனும் தம்பியும் போல ஒரே குடும்பத்து மருந்து இரண்டு. ஒன்று டாக்டர் கொடுத்தது, மற்றொன்று நான் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து வெறும் வயிற்றை அரித்திருக்கின்றன.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் சரியாகச் செய்வது எனக்கு வரும். பாயிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஸ்டூலிலிருந்து எழுந்த முத்துமாரி அப்படியே என் மேல் சரிந்தாள். ஷேர் ஆட்டோவில் இருந்தவர்களை இறக்கிவிட்டு ஏற்றினோம். ஆம்பூர் அரசு ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தவுடன் ட்ரிப்ஸ் ஏற்றி, 108-ஐக் கூப்பிட்டு வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். பள்ளிகொண்டா டோல் தாண்டும்போது அவள் கண்ணைத் திறந்து, இன்றைக்கு அரை நாள் லீவு எழுதிவிடுவார்களே என்றாள். வாயை மூடு என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கேஷுவால்டியில் கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா பார்த்தார். சின்ன வயசு, அதிராத குரல். ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்துகொண்டே கேள்விகளைக் கேட்டார். அதற்குள் தமிழ்வேந்தனும் தோல் ஷெட் பூட்ஸோடு ஓடி வந்துவிட்டார். என்னென்ன மாத்திரை போட்டாய் என்று டாக்டரம்மா கேட்டார். முத்துமாரி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்க மாத்திரதான் மேடம். சொன்னதுக்கு மேல ஜாஸ்தி போட்டுட்டேன். வேற எதுவும் இல்ல."

இந்தத் தடவை அவளுக்குத் தெரியும். வண்டியில் வரும்போது நான் சொல்லியிருந்தேன், செட்டும் அதே ஜாதி மருந்துதான் என்று. தெரிந்தே சொன்னாள். என்னைக் காப்பாற்றச் சொன்னாள். தமிழ்வேந்தன் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார். உயிர் மேல ஆசை இல்லையா, ரெண்டு புள்ளைங்க இருக்குது என்று திட்டினார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் பேசவில்லை.

டாக்டரம்மா அவள் பையிலிருந்த ஸ்ட்ரிப்பை வாங்கி எண்ணிப் பார்த்தார். இருபதில் ஆறு மிச்சம். ஏழு வாரத்தில் பதினாலு. வாரத்துக்குச் சரியாக இரண்டு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எழுதிக் கொடுத்ததற்கு மேல் இந்த அம்மா போடவே இல்லையே, இவ்வளவுக்கே இத்தனை ரத்தம் போனது என்றால் வேறு ஏதோ இருக்க வேண்டும், கல்லீரல், கட்டி, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றார். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்வேந்தன் சுவரில் சாய்ந்தார். திட்டிய வாயால் அழ ஆரம்பித்தார்.

அப்போதும் நான் பேசவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். என் பதிவு போய்விடும் என்று நினைத்தேன். பாய் கடைக்கு டிரக் இன்ஸ்பெக்டர் வருவார் என்று நினைத்தேன். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தால் புண் தெரியத்தான் போகிறது, வைத்தியம் எப்படியும் நடக்கும், நான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தேன். நினைத்ததெல்லாம் என்னைப் பற்றித்தான். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தவளைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

பிறகுதான் உறைத்தது. இவள் பிழைத்து வீட்டுக்கு வருவாள். மறுபடி தலை வலிக்கும். மறுபடி அரை மணி சாப்பாட்டு நேரத்தில் ரோட்டைக் கடப்பாள். இவள் சீட்டில் செட்டு என்ற ஒன்று எழுதப்படாத வரை, அதை நிறுத்து என்று சொல்ல எந்த டாக்டருக்கும் தெரியாது. நான் இல்லாவிட்டால் பக்கத்து மெடிக்கல். இந்த ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினாலும் அந்தக் கவரில் என்ன இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"டாக்டர், அவ பொய் சொல்றா," என்றேன். "நான் மெடிக்கல்ல பார்மஸிஸ்ட். அவளுக்கு டைக்ளோஃபினாக் குடுத்தது நான்தான். அம்பது மில்லிகிராம், பாராசிட்டமாலோட. சீட்டு எதுவும் இல்லாம குடுத்தேன். ஞாயித்துக்கிழம தவிர தினமும்."

எத்தனை நாளாக என்று கேட்டார். தினமும் என்பது வைகாசியிலிருந்து, அதற்கு முன்னால் இரண்டு மாதம் விட்டு விட்டு என்றேன். எத்தனை மாத்திரை இருக்கும் என்றார். மனதுக்குள் கூட்டினேன். தொண்ணூறுக்குக் குறையாது என்றேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, மருந்து, அளவு, நாள் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். பதிவு எண்ணையும் கேட்காமலே எழுதினேன். அதை வாங்கி முத்துமாரியின் கோப்பில் வைத்துவிட்டு, தமிழ்வேந்தன் பக்கம் திரும்பி, கட்டி என்று பயப்பட வேண்டாம், காரணம் அநேகமாகக் கிடைத்துவிட்டது என்றார். பிறகு என்னிடம் சொன்னார்.

"புண்ணு மட்டும் இல்லீங்க. தினமும் வலி மாத்திர போட்டா, அந்த மாத்திரையே தலைவலியக் கொண்டு வரும். அவங்களுக்கு தினமும் வலிச்சதுக்கு பாதிக் காரணம் இதுவாதான் இருக்கும்."

எனக்கு இது தெரியாததல்ல. புத்தகத்தில் படித்ததுதான். தமிழ்வேந்தன் நான் நின்ற பக்கத்திலிருந்து நகர்ந்து, மனைவியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

மதியமே குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு புண், ஒன்றில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதை அடைத்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று யாரோ ஆரம்பித்தார்கள். நான் மிச்சத்தைக் கேட்காமல் வெளியே வந்து ஆம்பூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

பாயிடம் முதலில் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். அந்தப் பொண்ணு பொழச்சுக்குச்சா என்று மட்டும் கேட்டார். பொழச்சுக்குவா என்றேன். எழுந்து போய்க் கவுண்டருக்குக் கீழே இருந்த காகிதக் கவர் கட்டுகளை அள்ளி, பக்கத்து டீக்கடையில் பஜ்ஜி மடிக்கக் கொடுத்துவிட்டு வந்தார். கல்லாவில் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தவன் நானும்தானேம்மா என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்தார். அன்றைக்கு அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

திங்கட்கிழமை மணி அடித்ததும் கூட்டம் வந்தது. செட்டு கிடையாது என்றேன். விளையாடுறியாக்கா என்றார்கள். விளையாடவில்லை. எத்தனை நாளாக வலி, என்ன சாப்பிட்டாய், வேறு என்ன மாத்திரை ஓடுகிறது, வயிற்றுப் புண், இளைப்பு, கிட்னித் தொந்தரவு உண்டா, மாசமாக இருக்கிறாயா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். தலவலிக்கு வந்தவள இன்னா போலீஸ் மாதிரி கேக்குற என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். போலீஸ்தான், வேண்டாம் என்றால் பக்கத்துக் கடைக்குப் போ என்றேன். பாதிப் பேர் போனார்கள். அந்தக் கடைக்காரர் ஈ ஓட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். மிச்சப் பாதிப் பேருக்கு, கொடுக்கலாம் என்றால் மட்டும் ஒரே ஒரு மாத்திரை, பெயர் தெரிகிற மாதிரி வெட்டி, சாப்பிட்ட பிறகு போட வேண்டும், நாளைக்கும் வலித்தால் என்னிடம் வராமல் டாக்டரிடம் போ என்று சொல்லிக் கொடுத்தேன். கூட்டம் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. எங்கிருந்தாவது விசாரணை என்று வந்தால் வரட்டும், ஆஸ்பத்திரித் தாளில் எழுதியதையே அங்கேயும் எழுதுவேன்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் போனேன். தமிழ்வேந்தன் வார்டு வாசலில் நின்றிருந்தார். உள்ளே விட மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார். அவரால் செய்ய முடிந்த மரியாதை அவ்வளவுதான், எனக்கு அதுவே அதிகம்.

முத்துமாரி சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டாள். லைன் லீடர் வேலைக்கு வேறு ஒருத்தி பெயரை அனுப்பிவிட்டார்களாம். அது போகட்டும் என்றாள். அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருந்தது.

"நான் உங்களக் காட்டிக் குடுக்கல. நீங்களே ஏன்க்கா சொன்னீங்க? இனிமே அந்த மாதிரி மாத்திர எதையும் தொடவே கூடாதுன்னுட்டாங்க. தல வலிச்சா நான் இன்னா பண்ணுவேன்?"

அவளுக்குப் பயமெல்லாம் புண்ணைப் பற்றி இல்லை, தலைவலியைப் பற்றித்தான். எனக்கு அந்தப் பயம் தெரியும். இடது கண்ணுக்குப் பின்னால் அது கிளம்புகிறபோது, ரத்தம் போனாலும் பரவாயில்லை என்றுதான் தோன்றும். டாக்டர் கொடுத்த புதுச் சீட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். புண் ஆற ஒன்று. தலைவலி வராமலே தடுக்க ராத்திரியில் ஒன்று, அது வேலை செய்ய ஆறேழு வாரம் ஆகும். வலி வந்தே விட்டால் போட வயிற்றை அரிக்காத வேறு ஜாதி மாத்திரை ஒன்று, அதற்கும் நாள் கணக்கு உண்டு. முதல் இரண்டு மூன்று வாரம் வலி முன்பைவிட ஜாஸ்தியாக இருக்கும், பல்லைக் கடித்துக்கொள், அப்புறம் குறையும் என்றேன். குறையும் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. சும்மா சொல்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, சண்டை போடுகிற குரலில் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"உங்களுக்கும் இதே தலவலிதானேக்கா. நீங்க எத்தினி செட்டு போடுவீங்க?"

அதற்கு என்னிடம் இருந்தது ஒரே பதில்தான்.

"நான் செட்டே போட்டதில்ல முத்து. ஒரே ஒரு மாத்திர. வலி லேசா ஆரம்பிக்கும்போதே, சாப்ட்டுட்டு. வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல தொட மாட்டேன்."

ட்ரிப்ஸ் குத்தியிருந்த கையைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எனக்கும் சொல்லிருக்கலாமேக்கா. நான் கேட்டிருப்பேன்."

கேட்டிருப்பாள். முகம் தெரியாத ஒரு டாக்டர் ஒரே ஒரு தடவை சொன்னதை ஒரு மாத்திரை பிசகாமல் கேட்டவள், நான் சொல்லியிருந்தால் கேட்காமல் இருந்திருப்பாளா. மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவளுக்கு அது தேவைப்படவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் ஸ்டூலை அவள் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் தலைவலிக்கு நான் செய்துகொள்வதை எல்லாம் ஒன்று விடாமல் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.